ஹாலோவீன் காலை உணவும் தின்பண்டங்களும்: வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

முதல்முறை ஹாலோவீன் பலகாரம் செய்பவர்களிடம் மூன்று புகார்கள் தவறாமல் வரும். பரங்கி பேன்கேக் வெளியே சிவந்தும் உள்ளே பிசுபிசுவென்று இருக்கிறது. உருக்கிய வெள்ளைச் சாக்லேட் திடீரென்று மணல் மாதிரி திரண்டுவிட்டது. முட்டை வெள்ளைக்கருவில் செய்த பேய் பொம்மைகள் மறுநாள் வியர்த்து, ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம். அதை எந்த இடத்தில் வடிக்க வேண்டும், எந்த இடத்தில் அண்டவிடக் கூடாது என்று தெரிந்தால் மீதி எல்லாம் கைவேலை. ஆகவே ஈரத்தைப் பார்த்தே இங்கே வேலைகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கடைகளில் கிடைக்கும் பொருட்களை வைத்தே அளவுகள். ஒரு கப் என்றால் 240 மி.லி. சூடு ஃபாரன்ஹீட் கணக்கில். அடைப்புக்குறிக்குள் இருப்பது செல்சியஸ்.

1. யார் சாப்பிடப் போகிறார்கள்?

இதை முதலில் முடிவு செய்தால் செய்ய வேண்டிய பட்டியல் பாதியாகிவிடும்.

ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலையில் மிட்டாய் கேட்டு வாசலுக்கு வரும் குழந்தைகளுக்கு வீட்டில் செய்த எதையும் கொடுக்காதீர்கள். எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும், முன்பின் தெரியாத வீட்டிலிருந்து உறையில்லாமல் வந்த பண்டம் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். வாசலுக்குக் கடை மிட்டாய், அதுவும் தனித்தனி உறை போட்டது. ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காகப் பென்சில், ஸ்டிக்கர் போன்றவையும் வைத்திருந்தால் நீலப்பச்சை வண்ணம் அடித்த பரங்கி ஒன்றை வாசலில் வையுங்கள். ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு 2014 முதல் அமெரிக்கா முழுக்கப் பரப்பிய அடையாளம் அது.

பள்ளிக்குக் கொடுத்துவிடுவதானால் ஆசிரியரிடம் கேட்காமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். வீட்டுப் பண்டமே கூடாது, உட்பொருள் அச்சிட்ட கடைப் பொட்டலம் மட்டும் போதும் என்று சொல்லும் பள்ளிகள் நிறைய. வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் வகையும் பல வகுப்புகளுக்குள் நுழையவே முடியாது. பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டோடு, 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் அமெரிக்காவில் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருளாகிவிட்டது. எள்ளுருண்டையை ஹாலோவீன் 'கண்' ஆக்கலாம் என்று தோன்றினால் இதை நினைவில் வையுங்கள்.

சைவ வீடுகளிலும் ஹலால் பார்க்கும் வீடுகளிலும் கவனிக்க வேண்டியது ஜெலட்டின், அதாவது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கெட்டிப்பொருள். சாதாரண மார்ஷ்மெல்லோவில் அது உண்டு. மூன்று நிறப் பற்களைப் போலிருக்கும் கேண்டி கார்னிலும் பெரும்பாலும் உண்டு. டான்டீஸ் போன்ற தாவர மார்ஷ்மெல்லோக்கள் கிடைக்கின்றன. அக்டோபர் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது, முன்பே வாங்கிவிடுங்கள்.

நான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால் முழுத் திராட்சை, பாப்கார்ன், வட்டமாக வெட்டிய ஹாட் டாக், கடின மிட்டாய் நான்கும் வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் வடிவங்கள் இவை. திராட்சையையும் ஹாட் டாகையும் நீளவாக்கில் நாலாகப் பிளந்தால் கொடுக்கலாம்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

எடைபார்க்கும் தராசு, பாகுக்கான வெப்பமானி, பார்ச்மென்ட் பேப்பர் (ஓவனில் ஒட்டாத தாள்), சாஸ் பீய்ச்சும் பிளாஸ்டிக் குப்பி இரண்டு, மெல்லிய பருத்தித் துணி. இவை போதும். எலும்புக்கூடு அச்சு, மூளை அச்சு எல்லாம் ஒருமுறை பயன்பட்டு அலமாரியில் தூங்குபவை.

வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். கடல்மட்டத்தில் 212 (100) காட்ட வேண்டும். டென்வர் மாதிரி உயரமான ஊரில் சுமார் 202-லேயே தண்ணீர் கொதித்துவிடும். அங்கே இருப்பவர்கள் கீழே வரும் கேரமல் பாகின் சூட்டில் 10 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். குறைக்காவிட்டால் பாகு முறுகிக் கல்லாகும்.

நிறங்களில்தான் பணம் வீணாகிறது. மாவுக்கும் மார்ஷ்மெல்லோவுக்கும் ஜெல் நிறம். சாக்லேட்டுக்கு எண்ணெயில் கரையும் நிறம் அல்லது பொடி நிறம். கேசரிக்குப் போடுகிற தண்ணீர் நிறத்தில் இரண்டு சொட்டு சாக்லேட்டில் விழுந்தால் போதும், மொத்தமும் திரண்டுவிடும்.

கறுப்புக்கு ஜெல்லை மட்டும் நம்பினால் அரைக் குப்பி கொட்ட வேண்டிவரும். சுவையும் கசக்கும், பிள்ளைகளின் பல்லும் கறுப்பாகும். பிளாக் கோகோ (கன்னங்கறுப்பான கோகோ பொடி) என்று கேட்டு வாங்குங்கள். அதில் செய்தால் நிறத்தில் முக்கால்வாசி தானே வந்துவிடும், பிறகு ஒரு துளி ஜெல் போதும். ஆக்டிவேட்டட் சார்கோல் என்ற கரித்தூள் வேண்டாம். வயிற்றில் மருந்துகளை அது உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது.

3. எதை எந்த நாளில் செய்வது

ஒரு வாரம் முன்பு: பரங்கி விழுது. ஃப்ரீசரில் நிற்கும்.

மூன்று நாள் முன்பு: மெரெங் பேய்கள் (வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து ஓவனில் காயவைத்தவை), வறுத்த பரங்கி விதை. காற்றுப்புகாத டப்பாவில் நன்றாக இருக்கும்.

30-ஆம் தேதி இரவு: பேன்கேக்கின் உலர் மாவு, மார்ஷ்மெல்லோ அரக்கர்கள், சாக்லேட்டில் முக்கிய பிரெட்ஸல் (முடிச்சு வடிவ உப்பு பிஸ்கட்). ஃப்ரீசரில் போட்டிருந்த விழுதைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவதும் அன்றே.

31 காலை: பேன்கேக், டோஸ்ட், பழம். மாலை: கேரமல் ஆப்பிள், மம்மி சுருட்டல் (துணி சுற்றிய எகிப்தியப் பிணம் போல மாவு நாடா சுற்றியது).

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அப்படி அடுத்தடுத்து வரும் ஆண்டுகளில் மெரெங்கையும் முறுக்கையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். பக்கத்து அடுப்பில் குக்கர் விசில் அடித்தாலே ஆறிக்கொண்டிருக்கும் மெரெங் அந்த ஆவியைக் குடித்துவிடும்.

4. பரங்கி விழுது

வாசலில் முகம் செதுக்கும் பெரிய பரங்கி சமையலுக்கு ஆகாது. நார் அதிகம், தண்ணீர் அதிகம், இனிப்பு இல்லை. செதுக்கி வாசலில் வைத்ததை மறுநாள் எடுத்துச் சமைப்பது அதைவிடத் தப்பு. வெட்டிய காய் வெளியில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி வளரும். சமையலுக்குச் சுகர் பம்ப்கின் அல்லது பை பம்ப்கின் என்று விற்கும் சிறிய வகை, ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையில் வாங்குங்கள். இந்தியக் கடையில் துண்டு போட்டு விற்கும் மஞ்சள் பரங்கியும் சரிதான். தண்ணீர் கொஞ்சம் கூட இருக்கும், அதிக நேரம் வடியவிட வேண்டும்.

பரங்கியை இரண்டாகப் பிளந்து விதையை வழித்துத் தனியே வையுங்கள். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி பார்ச்மென்ட் போட்ட தட்டில் கவிழ்த்து, 400 (205) சூட்டில் 45 முதல் 60 நிமிடம். கத்தி தோலிலிருந்து சதை வரை தடையில்லாமல் இறங்கினால் ஆயிற்று. குக்கரில் வேகவைத்தால் பத்து நிமிடத்தில் முடியுமே என்று தோன்றும். ஆனால் குக்கர் தண்ணீரை ஏற்றுகிறது, ஓவன் இறக்குகிறது. நமக்கு வேண்டியது இறக்குவது.

ஆறியதும் சதையை வழித்து மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அரையுங்கள். பிறகு துணியில் கட்டி, சல்லடையில் வைத்து, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். ஸ்ரீகண்டுக்குத் தயிரைக் கட்டித் தொங்கவிடுவது போலத்தான். அரை கப் தண்ணீர் வடிந்தாலும் வியப்பில்லை. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் பேன்கேக் வேகவில்லை என்று அடுப்பைக் குறை சொல்கிறார்கள்.

பதம் பார்க்க ஒரு கரண்டி விழுதைத் தட்டில் வையுங்கள். குவியலாகவே நிற்க வேண்டும். ஓரத்தில் வளையமாகத் தண்ணீர் கசிந்தால் இன்னும் அரை மணி வடியட்டும். இரண்டு கிலோ பரங்கியில் இரண்டு முதல் மூன்று கப் வரும். முக்கால் கப் அளவாக (180 கிராம்) தனித்தனிப் பையில் தட்டையாக்கி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு பை, ஒரு வேளை பேன்கேக். உருகியபின் மேலே தண்ணீர் பிரிந்து நின்றால் கலக்காமல் சாய்த்துக் கொட்டிவிடுங்கள்.

டின்னில் வாங்குவதிலும் குறைவில்லை, பதம் ஒரே சீராக இருக்கும். ஆனால் லேபிளைப் படியுங்கள். பம்ப்கின் ப்யூரே என்றிருப்பது வெறும் விழுது. பம்ப்கின் பை மிக்ஸ் என்றிருப்பது சர்க்கரையும் மசாலாவும் கலந்தது. இரண்டும் ஒரே நிற டின்னில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மாற்றி எடுத்தால் பேன்கேக் தித்தித்துக் கருகும்.

5. விதைகள்

நாரை முழுதாக எடுக்க வேண்டாம். தண்ணீரில் போட்டு அலசினால் விதை மிதக்கும், நார் பிரியும். உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். உப்பு உள்ளே ஏறும், ஓடும் இளகும். துணியில் நன்றாகத் துடைத்து ஒரு மணி நேரம் காயவையுங்கள். ஈரத்தோடு ஓவனுக்குப் போனால் விதை மொறுமொறுப்பதற்கு முன் வெந்து தோலாகிவிடும்.

ஒரு கப் விதைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய். 325 (165) சூட்டில் 20 முதல் 25 நிமிடம், நடுவில் இருமுறை கிளறி. மிளகாய்த்தூளும் பெருங்காயமும் வெளியே எடுத்தபின் சூட்டோடு தூவுங்கள், முன்பே போட்டால் கருகிக் கசக்கும்.

6. சிலந்திவலை பேன்கேக்

நான்கு பேருக்கு, பத்துப் பன்னிரண்டு வரும்.

உலர் மாவு: மைதா 190 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பேக்கிங் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மசாலாப்பொடி ஒன்றரைத் தேக்கரண்டி.

மசாலாவைக் கடையில் வாங்கத் தேவையில்லை. பட்டைத்தூள் 2 தேக்கரண்டி, சுக்குப்பொடி 1, ஜாதிக்காய்ப்பொடி அரை, கிராம்புப்பொடி கால். கிராம்பில் மட்டும் தாராளம் வேண்டாம், நாக்கு மரத்துப்போகும்.

ஈரக் கலவை: விழுது 180 கிராம், பால் ஒரு கப், முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி. முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் கால் கப் கெட்டித் தயிர் விடலாம். பேன்கேக் கொஞ்சம் தட்டையாக வரும், சுவையில் குறை இருக்காது.

இரவே உலர் மாவைக் கலந்து டப்பாவில் வையுங்கள். ஈரக் கலவையை அதில் சேர்ப்பது காலையில்தான். வினிகர் பட்டதும் சோடா நுரைக்கத் தொடங்கிவிடும். இரவே கரைத்துவைத்தால் நுரையெல்லாம் போய், காலையில் சப்பையாகக் கிடக்கும். புளிக்கவைக்கிற தோசைமாவு வேறு, இது வேறு.

கலக்கும்போதும் தோசைமாவு ஞாபகம் வேண்டாம். மாவு நனைந்தால் போதும், சிறு கட்டிகள் இருக்கலாம். அடித்துக் கலக்கினால் மைதா இழுவையாகி ரப்பர் மாதிரி வரும். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

இப்போது வலை. மூன்று மேசைக்கரண்டி மாவைத் தனியே எடுத்து, பிளாக் கோகோ 1 தேக்கரண்டி, பால் 1 தேக்கரண்டி, சிட்டிகை சர்க்கரை கலந்து குப்பியில் ஊற்றுங்கள். குப்பியின் நுனியை ஈர்க்குச்சி நுழையும் அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும்.

கல்லை மிதமான சூட்டுக்கும் கீழே வையுங்கள். எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கினால் கோடு நகரும். முதலில் நட்சத்திரமாக ஆறு கோடு, பிறகு கோட்டுக்குக் கோடு உள்வளைவாக மூன்று சுற்று. 40 விநாடி பொறுங்கள். கோடு பளபளப்பு இழந்து மங்கும். அப்போது கால் கப் வெளிர் மாவை நடுவில் ஊற்றிக் கரண்டியின் அடியால் மெல்லப் பரப்புங்கள். அவசரப்பட்டு முன்பே ஊற்றினால் கறுப்பு கரைந்து சேறாகும்.

சாதாரண பேன்கேக்கில் குமிழி உடைந்ததும் திருப்பலாம். இதில் விழுது இருப்பதால் குமிழி ஏமாற்றும். ஓரம் காய்ந்து, நடுப்பகுதி ஆடாமல் இருப்பதைப் பார்த்துத் திருப்புங்கள். ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் இரண்டு. தீயைக் கூட்டினால் சர்க்கரை சிவந்து வெந்தது போலத் தெரியும், உள்ளே மாவாக இருக்கும்.

கோலத்தின் அடிப்பக்கம்தான் மேலே வரும் என்பதால் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல இடம்வலம் மாறும். 'பூ' (Boo) என்று பயமுறுத்தி எழுத ஆசைப்பட்டால் தாளில் எழுதித் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்த வடிவத்தைக் கல்லில் போடுங்கள்.

வெந்ததை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள், ஆவி பட்டுக் கோடு நனையும். 200 (93) சூட்டில் ஓவன் கம்பியின் மேல் பரப்பி வைத்தால் கடைசி ஆள் வரும்வரை சூடாக இருக்கும்.

7. பள்ளி நாளின் பத்து நிமிடத் தட்டு

31 வேலை நாளாக இருந்தால் பேன்கேக்கை மாலைக்குத் தள்ளிவிட்டு இவற்றைச் செய்யலாம்.

மம்மி டோஸ்ட்: பிரெட்டை நன்றாக டோஸ்ட் செய்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஜாம் தடவி, மேலே சீஸ் ஸ்லைஸை அரை அங்குல நாடாக்களாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். நடுவில் ஒரு சந்து, அதில் இரண்டு உலர்திராட்சைக் கண். சூட்டோடு வைத்தால் சீஸ் உருகிக் கட்டு அவிழ்ந்துபோகும்.

ஆரஞ்சுப் பரங்கி: கிளமென்டைன் ஆரஞ்சைத் தோலுரித்து, உச்சியில் சின்னச் செலரித் துண்டைச் செருகினால் பரங்கி. இதைவிடச் சுலபமான ஹாலோவீன் பண்டம் கிடையாது. பிள்ளைகளும் முதலில் காலி செய்வது இதைத்தான்.

வலைத் தயிர்: கிரேக்கத் தயிரின் மேல் உருக்கிய சாக்லேட்டால் மூன்று வட்டம் போட்டு, பல்குத்தும் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். தயிர் கெட்டியாக இல்லாவிட்டால் வட்டம் மூழ்கும்.

8. மெரெங் பேய்கள்

முட்டை வெள்ளைக்கரு 100 கிராம் (மூன்று பெரிய முட்டை), சர்க்கரை 200 கிராம், கிரீம் ஆஃப் டார்ட்டர் (நுரை அடங்காமல் பிடிக்கும் புளிப்புப் பொடி) கால் தேக்கரண்டி. சர்க்கரையை மிக்ஸியில் சில விநாடி ஓட்டி மணலைவிட நைஸாக்குங்கள், பவுடராக்க வேண்டாம்.

பெட்டியில் விற்கும் பாஸ்சுரைஸ் செய்த வெள்ளைக்கரு சரியாக நுரைக்காது. முழு முட்டையைக் குளிர்ச்சியாக இருக்கும்போது உடைத்துப் பிரித்து, அரை மணி வெளியில் வைத்து அடியுங்கள். குளிரில் மஞ்சள் உடையாமல் பிரியும், சூடேறினால் வெள்ளை நன்றாக எழும்பும். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் பிரித்துப் பிறகு சேருங்கள். மூன்றாவதில் மஞ்சள் சிந்தினால் முதல் இரண்டும் தப்பிக்கும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் பழைய எண்ணெய்ப்பிசுக்கு போகவே போகாது. எவர்சில்வர் பாத்திரத்தை வினிகரால் துடைத்துப் பயன்படுத்துங்கள். கொழுப்பு ஒரு துளி இருந்தாலும் நுரை ஏறாது.

கிரீம் ஆஃப் டார்ட்டர் போட்டு அடித்து, நுரை மென்மையாக வளைந்து நிற்கும்போது சர்க்கரையை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகப் போடுங்கள். இது ஏழெட்டு நிமிட வேலை. முடிந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, விரலால்தான். கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே தேயுங்கள். நறநறத்தால் இன்னும் அடிக்க வேண்டும். கரையாமல் நின்ற அந்தச் சர்க்கரைதான் ஓவனில் தேன்துளி போல வெளியே வழியும். பேய் அழுகிறது என்பார்களே, அது இதுதான்.

பைப்பிங் பையில் போட்டு நுனியை ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். நேராகப் பிடித்து அழுத்தி, நிறுத்தி, அதன்மேல் சிறிதாக இன்னொன்று, கடைசியில் அழுத்தாமல் மேலே இழுத்துக் கூராக்குங்கள். 200 (93) சூட்டில் ஒன்றரை முதல் இரண்டு மணி. தாளிலிருந்து தானாகக் கழன்று வந்தால் ஆயிற்று. ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். சட்டென்று வெளியே எடுத்தால் வெடிக்கும். கதவை மூடியபடியே இரவு முழுக்க விட்டாலும் நல்லதே. ஓவன் பொத்தான் மேல் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள், காலையில் யாராவது மறந்து சூடேற்றுவார்கள்.

பேய்கள் முழுக்க ஆறியபின், உருக்கிய சாக்லேட்டில் குச்சியைத் தோய்த்துக் கண் வையுங்கள். ஹூஸ்டன், ஃப்ளோரிடா மாதிரி ஈரப்பதம் கூடிய ஊர்களில் மழை பெய்யும் நாளில் இதைத் தொடாதீர்கள். வடக்கே ஹீட்டர் ஓடத் தொடங்கிய வீடுகளில் கவலை இல்லை.

முட்டை இல்லாமல் வேண்டுமென்றால், உப்புச் சேர்க்காத கொண்டைக்கடலை டின்னின் தண்ணீர் 120 மி.லி., சர்க்கரை 110 கிராம், கிரீம் ஆஃப் டார்ட்டர் கால் தேக்கரண்டி. அடிக்க 12 முதல் 15 நிமிடம் ஆகும். வீட்டில் வேகவைத்த கடலைத் தண்ணீரானால் வெள்ளைக்கரு அளவுக்கு வழவழப்பாகும்வரை சுண்டவைத்து ஆறவிடுங்கள்.

9. மார்ஷ்மெல்லோ அரக்கர்கள்

வெண்ணெய் 45 கிராம், மார்ஷ்மெல்லோ 283 கிராம் (ஒரு பை), ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற அரிசிப் பொரி 6 கப். வெண்ணெயை உருக்கி, மார்ஷ்மெல்லோவைப் போட்டு மிகச் சிறு தீயில் கரையுங்கள். இந்தக் கட்டத்தில் பச்சை ஜெல் நிறம். பொரியைக் கொட்டிய பிறகு நிறம் போட்டால் திட்டுத்திட்டாகும்.

அடுப்பை அணைத்துப் பொரியைச் சேர்த்து, வெண்ணெய் தடவிய 9க்கு 13 அங்குலத் தட்டில் கொட்டுங்கள். கையால் லேசாகத் தட்டிச் சமமாக்கினால் போதும். கடலைமிட்டாயைப் போல அழுத்தினால் கடிக்க முடியாது. பெருந்தீயில் உருக்கினாலும் அதே கதிதான். அறைச்சூட்டில் ஒரு மணி ஆறவிட்டு வெட்டி, மேல்பக்கத்தைச் சாக்லேட்டில் தோய்த்துத் தலைமுடியாக்குங்கள்.

10. சாக்லேட்டில் முக்குவது

பாத்திரம், கரண்டி, கை, பழம் எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். மைக்ரோவேவில் பாதிச் சக்தியில் 30 விநாடி, கிளறல், மீண்டும் 30 விநாடி. கடைசிக் கட்டிகளைக் கிளறலின் சூட்டிலேயே கரையவிடுங்கள். வெள்ளைச் சாக்லேட் மிகச் சீக்கிரம் தீயும். கெட்டியாக இருந்தால் 170 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். பால் விட்டால் திரளும்.

திரண்டுபோனதை முக்குவதற்கு மீட்க முடியாது. சூடான பால் கால் கப் விட்டு அடித்தால் ஐஸ்கிரீம் மேல் ஊற்றும் சாஸ் ஆகும், அவ்வளவுதான்.

வாழைப்பழப் பேய்: பழத்தைக் குறுக்கே பாதியாக்கி, வெட்டிய பக்கத்தில் குச்சி செருகி இரண்டு மணி ஃப்ரீசரில். முக்குவதற்கு முன் மேலே படிந்த பனியைத் துடையுங்கள். விட்டால் சாக்லேட் பிடிக்காமல் வழுக்கும். குளிர்ந்த பழத்தில் சாக்லேட் அரை நிமிடத்தில் உறைந்துவிடும், எனவே கண்ணைத் தயாராகப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

கடையில் விற்கும் சர்க்கரைக் கண்களைத் தயிர், கிரீம், வெட்டிய பழம் எதன் மேலும் முன்கூட்டி வைக்காதீர்கள். கறுப்பு ஒழுகி, கண்மை கலைந்த முகமாகிவிடும்.

11. கேரமல் ஆப்பிள்

சிறிய கிரானி ஸ்மித் 10 முதல் 12. புளிப்பு வகைதான் இந்த இனிப்பைத் தாங்கும்.

கடை ஆப்பிளில் மெழுகு பூசியிருப்பார்கள். ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு, ஆப்பிளைப் பத்து விநாடி முக்கியெடுத்து முரட்டுத் துணியால் தேயுங்கள். பிறகு அறைச்சூட்டில் முழுக்கக் காயட்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்த ஆப்பிளின் தோலில் நீர் அரும்பும். அதன்மேல் கேரமல் நிற்காது.

அடிகனமான, ஆழமான பாத்திரத்தில் வெண்ணெய் 225 கிராம், பிரவுன் சுகர் 440 கிராம், கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு) ஒரு கப், கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின் (397 கிராம்), உப்பு அரைத் தேக்கரண்டி. நடுத்தீயில் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே 245 (118) வரை. இருபது நிமிடம் வரை ஆகலாம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வர வேண்டும், வெளியே எடுத்தால் உருண்டை தட்டையாகாமல் நிற்க வேண்டும். அதிரசப் பாகைவிடக் கொஞ்சம் முறுகல். பிள்ளைகள் இந்த நேரத்தில் அடுப்படியில் இருக்கக் கூடாது. பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரிக்கும்.

உடனே முக்காதீர்கள். 205 (96) அளவுக்கு இறங்கட்டும். கொதிக்கக் கொதிக்க முக்கினால் எல்லாம் வழிந்து அடியில் தொப்பியாகச் சேரும். குச்சியைச் செருகி, முக்கி, சுழற்றி, அடியைப் பாத்திர விளிம்பில் வழித்து, வெண்ணெய் தடவிய பார்ச்மென்டில் வையுங்கள்.

குச்சி குத்திய கேரமல் ஆப்பிளை வெளியில் நாள்கணக்கில் வைக்கக் கூடாது. 2014-இல் அமெரிக்காவில் பொட்டலம் போட்டு விற்ற கேரமல் ஆப்பிள்களால் லிஸ்டீரியா நோய் பரவி உயிரிழப்பும் நேர்ந்தது. குச்சி குத்திய துளையில் சாறு கசிந்து தோலுக்கும் கேரமலுக்கும் நடுவே தங்கினால் அந்தக் கிருமி வளர இடமாகிறது. செய்த அன்றே சாப்பிடுங்கள். மீந்தால் குளிர்பதனப் பெட்டி, மூன்று நாளுக்குள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் ஆப்பிளை அப்போதே துண்டு போட்டுப் பாகில் தொட்டுச் சாப்பிடுவது மேல்.

12. மாலை மேசை

மம்மி சுருட்டலுக்கு க்ரெசென்ட் மாவு (பிசைந்து தயாராக விற்கும் குளிர்பதன ரொட்டி மாவு) டப்பா ஒன்றைப் பிரித்து, அரை அங்குல நாடாவாக வெட்டி, ஹாட் டாக் அல்லது சைவ சாசேஜைச் சுற்றுங்கள். பன்னீர் விரல்களானால் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, உப்பு மிளகு புரட்டிச் சுற்ற வேண்டும். இல்லையேல் அடிமாவு வேகாது. 375 (190) சூட்டில் 12 முதல் 15 நிமிடம். கண்ணுக்குக் கடுகளவு மயோனைஸ், வெளியே எடுத்த பின்.

புகை வரும் பானம் வேண்டுமென்றால் டிரை ஐஸை (உறைந்த கரியமில வாயு) குடிக்கும் பாத்திரத்தில் போடாதீர்கள். மைனஸ் 109 (மைனஸ் 78) குளிரில் இருக்கும் அந்தத் துண்டு வாய்க்குள் போனால் புண்ணாக்கிவிடும். பெரிய பாத்திரத்தில் வெந்நீரும் டிரை ஐஸும், அதற்குள் சிறிய பாத்திரத்தில் பானம். புகை விளிம்பைத் தாண்டி மேசையில் வழியும், பானத்தில் ஒன்றும் சேராது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். துண்டை எடுக்க இடுக்கி, கைக்குத் தடித்த உறை.

மீந்த மெரெங் மறுநாள் இளகியிருந்தால் 200 (93) சூட்டில் 20 முதல் 30 நிமிடம் வைத்து உள்ளேயே ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும். கண் வரையாத பேய்களை மட்டும் அப்படி வையுங்கள். வரைந்ததை வைத்தால் சாக்லேட் உருகிக் கண் கன்னத்துக்கு இறங்கிவிடும்.